அண்ணி எழுதிய முணுமுணு

என் அண்ணியைப் பார்த்தால் மலையை நடக்க வைக்கிற ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குள்ளமான உருவம், மூக்கு நுனியில் வழுக்கி நிற்கும் கண்ணாடி, இடுப்பில் தடித்த ஏப்ரன், அதன் பையில் அளவு டேப்பும் செல்போனும். நாங்கள் கண்ணாடிக் கடை நடத்துகிறோம். மூக்குக் கண்ணாடி இல்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் குளியலறைச் சுவருக்கும் பொருத்துகிற கண்ணாடி. கடையைத் தொடங்கியவன் என் அண்ணன். கப்பல் வேலை கிடைத்ததும் "ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்குங்க" என்று எங்கள் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பிவிட்டான். அண்ணியும் நாத்தனாரும் கூட்டாகத் தொழில் செய்கிறார்கள் என்றதும் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உடைகிற பொருள் அத்தனை இருக்கும் இடத்தில் இதுவரை நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் எதையும் எறிந்ததில்லை.

அண்ணி கண்ணாடி வெட்டுவதைப் பார்க்க வேண்டும். ஸ்கேலை வைத்து, கட்டரை அழுத்தி ஒரே இழுப்பு. மேஜை விளிம்பில் வைத்து ஒரு தட்டு. சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிரிந்துவிடும். அந்த ஒரு இழுப்பு வரைக்கும்தான் அவர் வாய் மூடியிருக்கும். மற்ற நேரமெல்லாம் பேச்சு, பேச்சு, பேச்சு. அதுவும் அடங்கிவிட்டது என்றால் கதை யோசிக்கிறார் என்று பொருள். அப்போது பக்கத்தில் இடியே விழுந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

கண்ணாடி ஷீட்டுகள் ஒன்றோடொன்று உரசாமலிருக்க நடுவில் மெல்லிய தாள் வைத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைச் சுருட்டி மூலையில் போட்டு வைப்போம், பார்சல் சுற்ற உதவும் என்று. ஒருநாள் மதியம் வியாபாரம் இல்லாத நேரத்தில் அண்ணி அதில் ஒரு தாளை நீவி விரித்து, கண்ணாடியில் குறி போடும் பென்சிலால் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார். அந்த ஊரில் இருட்டினால் மலைகள் எழுந்து இடம் மாறி உட்காரும், அதனால் நேற்றுப் போன வழி இன்றைக்கு இருக்காது என்று எழுதியிருந்தது. நான் படித்துவிட்டு வாய் சும்மா இருக்காமல் "அப்புறம்?" என்று கேட்டேன்.

அந்த ஒரு சொல்லுக்காக நாவல் முழுவதையும் என் தலையில் கொட்டினார்.

கதை இதுதான். உறைந்து போன ஓர் ஊருக்கு, நடக்கிற மலைகளைத் தாண்டி, அணையாத நெருப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பெண் போகிறாள். பெயர் விளக்குக்காரி. அவளுக்குத் துணையாக ஒரு மிருகம். இரண்டு கொம்பு, ஒற்றை இறக்கை, பறக்க முடியாது, எதற்கெடுத்தாலும் குறை சொல்லும். மழை பெய்தால் ஏன் பெய்கிறது, நின்றால் ஏன் நின்றது. அதற்கு முணுமுணு என்றே பெயர். எனக்கு நல்லவர்களை அவ்வளவாகப் பிடிக்காது. முணுமுணுவைப் பார்த்த பக்கத்திலேயே பிடித்துவிட்டது. நல்ல பகுத்தறிவுள்ள மிருகம் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்கலாம்.

முடித்ததும் செல்போனிலேயே தட்டச்சு செய்து பதிப்பகங்களுக்கு அனுப்பினார். சிலர் பதிலே போடவில்லை. கடைசியில் ஒரு பதிப்பக அம்மா, நேராகப் பேசுகிற ஆள், போன் செய்தார். வெட்டும் மேஜை மேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டோம்.

"மலை நடக்குதுன்னு எழுதியிருக்கீங்க, நம்பிட்டேன்," என்றார் அந்த அம்மா. "ஒத்தை இறக்கை மிருகம் பேசுது, அதையும் நம்பிட்டேன். ஆனா அந்தப் பொண்ணும் மிருகமும் ஒருத்தருக்கு ஒருத்தர் உயிருங்கிறீங்க பாருங்க, அது மட்டும் நம்ப முடியலைங்க."

"அதுங்களே சொல்லுதே மேடம், பக்கத்துக்குப் பக்கம்," என்றார் அண்ணி.

"அதாங்க பிரச்சனை. சொல்லிக்கிட்டே இருக்குதுங்க. கடைசியில மிருகம் அவளுக்காக உயிரை விடுது, நான் பாட்டுக்குக் காப்பி குடிச்சிக்கிட்டே படிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகல."

இந்த வருடம் ஒரே ஒரு மாயக் கதைதான் போடப் போகிறார்களாம். இன்னொருவர் எழுதியதும் அவர் மேஜையில் இருக்கிறதாம். மாதக் கடைசிக்குள் திருத்தி அனுப்பினால் பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அண்ணி ஸ்கேலைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான். இனிமே எழுத மாட்டேன். தாளெல்லாம் பார்சல் சுத்தவே இருக்கட்டும்."

அண்ணி கோபத்தில் சொல்கிற எதையும் செய்ய மாட்டார். நிதானமாகச் சொன்னால் செய்துவிடுவார். என் கல்யாணம் ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு நான் திரும்பி வந்தபோது, அந்த வீட்டார் பின்னாலேயே வந்து கூப்பிட்டார்கள். "அவ வர மாட்டா" என்று இதே குரலில் ஒரு தடவைதான் சொன்னார், கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை.

திருத்தினார். எப்படித் திருத்தினார் என்றால், பாசம் போதவில்லை என்று அந்த அம்மா சொன்னதாக நினைத்துக்கொண்டு வாளி வாளியாக ஊற்றினார். "நீயின்றி நான் வெறும் கொம்பும் தோலும்" என்கிறது முணுமுணு. "என் இதயத்தின் ஒற்றை இறக்கை நீ" என்கிறாள் விளக்குக்காரி. டீ குடித்துக்கொண்டே இதைப் படித்தேன். எனக்குச் சிரிப்பு பீறிட்டு, டீ மூக்கில் ஏறி, தும்மி, தாளெல்லாம் தெறித்துவிட்டது.

"என்னடி சிரிப்பு?"

"பின்ன என்ன அண்ணி? முணுமுணுவா இப்படிப் பேசும்? அதுக்கு ஜன்னி கண்டிருச்சா?"

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு என்ன தெரியும்? என்னைக்காவது ஒருத்தர்கிட்ட அன்பா ஒரு வார்த்தை பேசியிருக்கியா நீ?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. திரும்பச் சொல்ல ஆயிரம் இருந்தது. பேசினால்தானே அன்பில்லாமல் பேசுவேன், இனிமேல் பேசவே மாட்டேன் என்று வாயைப் பூட்டிக்கொண்டேன். மறுநாள் காலையும் பேசவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசாமலிருப்பது குக்கர் விசில் அடிக்காமல் இருப்பது மாதிரி. எல்லோரும் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

அன்றைக்குத்தான் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆளுயரக் கண்ணாடி மாட்டும் வேலை. கோபமாக இருக்கிறோம் என்று வேலையைத் தள்ளிப் போட முடியுமா? வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

பெரிய கண்ணாடி தூக்குவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. நிமிர்த்தி வைத்து ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி நிற்போம். முன்னால் போகிறவள் பின்புறமாகவே நடக்க வேண்டும். அது எப்போதும் நான்தான். அண்ணியால் முடியாது. ஒரு தடவை முயன்று, நாலடி வைப்பதற்குள் முகம் வெளுத்து முழங்கால் நடுங்கிவிட்டது, அதோடு விட்டுவிட்டோம். வழி பார்த்துச் சொல்வது அண்ணியின் வேலை. "படி", "நில்லு", "இடது", இவ்வளவுதான் பேச்சு. கூடுதலாகப் பேசினால் காலுக்குக் குழப்பம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மாடிப்படி ஏறும் வரை அண்ணி ஒழுங்காகச் சொன்னார். "படி. படி. திரும்பு." நான் பதில் பேசவில்லை, கால் மட்டும் கேட்டது. மேலே நீளமான நடைவழி. அது முடிகிற இடத்தில் கூடத்துக்குள் இறங்கச் சில படிகள். நடைவழியில் போகப் போக அண்ணியின் குரல் நின்றுவிட்டது. வழி சுத்தம் என்று நான் பாட்டுக்கு நடந்தேன். உண்மையில் வழி சுத்தமாக இல்லை. அண்ணிதான் அங்கே இல்லை. முணுமுணுவை எப்படிப் பேச வைப்பது என்று யோசித்துக்கொண்டே மலைகளுக்கு நடுவே போய்விட்டார். நேற்றிலிருந்து அவர் முகத்தையே பார்க்காத நான், கண்ணாடி விளிம்பை முறைத்துக்கொண்டு, அவர் மௌனத்தை நம்பி ஜம்மென்று பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் குதிகால் தரையில்லாத இடத்தைத் தொட்டது. அதே நொடியில் அண்ணி அலறினார்:

"முணுமுணு, நில்லு!"

நான் நின்றுவிட்டேன். ஒரு கால் அந்தரத்தில், ஒரு கால் விளிம்பில், கையில் அவ்வளவு பெரிய கண்ணாடி. யாரைக் கூப்பிடுகிறார், என்னையா என்றெல்லாம் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து அதுதான் என் பெயர் என்பது போலக் கால் அப்படியே உறைந்துவிட்டது. மெதுவாகக் காலை எடுத்து மேலே வைத்தேன். கண்ணாடியைச் சுவரில் சாய்த்தோம். அண்ணிக்கு மூச்சு வாங்கியது. எனக்கு அதற்குள் புத்தி வந்துவிட்டது.

"அந்த மிருகம் நானா?" என்றேன்.

அண்ணி திருதிருவென்று விழித்தார்.

"எதுக்கெடுத்தாலும் குறை சொல்லும்... மழை பெஞ்சா ஏன் பெய்யுது... அது நானா அண்ணி? என்னை எழுதி, என்னையே கொன்னு, அதுல அந்தம்மாவுக்கு அழுகையே வரலைன்னு வேற குறைபட்டீங்களா?"

"நீ நின்னுட்டே," என்றார் அண்ணி, நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல்.

"நிக்காம? கீழ விழுந்து மண்டை உடையச் சொல்றீங்களா?"

"இல்லடி! நீ நேத்திலருந்து என்கூடப் பேசல. என் மூஞ்சியைக்கூடப் பாக்கல. ஆனா ரிவர்ஸ்ல நடந்தே! நான் ஒண்ணுமே சொல்லல, நீ பாட்டுக்கு நடந்தே!" அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "அவ்வளவு கோவத்துலயும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல நீ! ஐயோ, இதுதான்டி! இதைத்தான்டி அந்தம்மா கேக்குறாங்க!"

உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணாடிக்காரப் பெண்கள் இருவர், ஒருத்தி குதித்துக்கொண்டும் ஒருத்தி திட்டிக்கொண்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஏதாவது உடைஞ்சிருச்சா?" என்று மெல்லக் கேட்டார். "இல்லைங்க, கெடைச்சிருச்சு!" என்றார் அண்ணி. அந்த மனிதர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கடை கடையாகவே இல்லை. அண்ணி எழுதிய வேகம் இருக்கிறதே! ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் பென்சில். ஆள் வந்து அளவு சொன்னால் அதையும் கதைத் தாளிலேயே குறித்துவிடுவார். ஒரு குளியலறைக் கண்ணாடியின் அகலம் மலைக்கணவாயின் நடுவில் கிடந்தது. "உயிர்", "இதயம்" எல்லாவற்றையும் அடித்துத் தள்ளினார். நெருப்புக்குப் புதிதாக ஒரு விதி வைத்தார்: இரண்டு பேர் கண் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது எரியும், ஒருவர் பார்வையை எடுத்தாலும் அணைந்துவிடும். ஆகவே நெருப்பை நடுவில் வைத்து இருவர் தூக்க வேண்டும், ஒருவர் பின்புறமாக நடக்க வேண்டும், எதிரில் வருபவர் நெருப்புக்கு மேலாகத் தெரிகிற வழியைச் சொல்ல வேண்டும். விளக்குக்காரிக்கு வழிக்கு முதுகு காட்டப் பயம். முணுமுணுதான் நடக்கிறது, நாவல் முழுக்க, முனகிக்கொண்டே. "உன் சமையலில் உப்பு இல்லை" என்கிறது, வழித்துச் சாப்பிடுகிறது. "உன்னோடு வந்ததே தப்பு" என்கிறது, அவள் "பள்ளம்" என்றதும் காலை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைக்கிறது.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பிடுங்கிப் படித்தேன். படபடப்பு தாங்கவில்லை எனக்கு. "இந்தத் தடவை சாகடிச்சீங்கன்னா கண்ணாடி தூக்க வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று மிரட்டியும் வைத்தேன். "சும்மா இரு, எனக்கே தெரியல" என்றார்.

கடைசி அத்தியாயத்தை வெட்டும் மேஜை மேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் படிக்கும்போது எதிரில் இருக்கத் தைரியமில்லை போலிருக்கிறது. ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முணுமுணுவுக்குப் பின்னங்கால் அடிபட்டுவிடுகிறது. இனி அதனால் பின்புறமாக நடக்க முடியாது. உறைந்த தரையில் நெருப்பைக் கீழே வைக்கவும் முடியாது. இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லாத நேரம் அது. முந்தின அத்தியாயத்தில்தான் பெரிய சண்டை. விளக்குக்காரி நெருப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மெல்லச் சுற்றி வந்து, முணுமுணுவைத் தன் பக்கம் தள்ளிவிட்டு, அது நின்ற பக்கம் நிற்கிறாள். வழிக்கு முதுகைக் காட்டுகிறாள். "சொல்லு" என்கிறாள். அவ்வளவுதான் அவள் பேசுவது. முணுமுணு சொல்கிறது: "கல். இடது பக்கம். மெதுவா வை, நீயும் உன் நடையும்."

நான் அழுதேன். ஒளிவு மறைவெல்லாம் இல்லை, கடை நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போட்டோவுக்குச் சட்டம் போட வந்த ஒருவர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். பின்கட்டிலிருந்து அண்ணி வந்து பார்த்தார். டீ போடப் போய்விட்டார்.

மாதக் கடைசிக்குள் அனுப்பிவிட்டோம். அதற்கப்புறம் காத்திருந்த நாட்களில் அண்ணி வெட்டிய கண்ணாடி எதுவும் சரியில்லை. நீளத்தை அகலமாகவும் அகலத்தை நீளமாகவும் வெட்டி, ஒரு வீட்டு ஜன்னலே படுத்துக்கொண்டது. போன் மணி அடித்தாலே இருவரும் தூக்கிவாரிப் போட்டு எழுவோம். கப்பலிலிருந்து அண்ணன் கூப்பிட்டால்கூட, "நீயா, வை, வை, அவங்க கூப்பிடுவாங்க" என்று விரட்டினோம். பாவம், என்ன ஏது என்று தெரியாமல் விழித்திருப்பான்.

போன் வந்த நேரம் இருக்கிறதே, அதைவிட மோசமான நேரம் கிடையாது. ஒரு ரொட்டிக் கடையின் முன்பக்கத்துக்கு ஜன்னல் கண்ணாடி. வண்டியிலிருந்து இறக்கியதும் அண்ணி என் பக்கம் வந்து நின்றார்.

"நகரு. இன்னைக்கு நான் ரிவர்ஸ்ல வரேன்."

"உங்களாலதான் முடியாதே அண்ணி!"

"விளக்குக்காரியை நடக்க வச்சிட்டேன்ல? எழுதிட்டு நான் மட்டும் நடக்கலைன்னா எப்படி? போ, அந்தப் பக்கம் புடி."

தூக்கினோம். அண்ணியின் முகம் வெளுத்தது. முதல் அடி, இரண்டாம் அடி. வழி சொல்கிற வேலை இவ்வளவு பயங்கரம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சரியாக நடுத் தெருவில், அண்ணியின் ஏப்ரன் பைக்குள் போன் அடித்தது.

"போன் அண்ணி! போன்! அவங்கதான்!"

"எனக்குக் காது இருக்கு! வழியைச் சொல்லு!"

"படி! இல்ல, இல்ல, இன்னும் இல்ல, ரெண்டடி தள்ளி! ம், இப்போ படி! மெதுவா! இப்படியா காலை வைப்பாங்க? வலது! ஐயோ வலதுங்கிறேன்!"

போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அண்ணி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கால் நடுங்குவது ஏப்ரனுக்கு மேலேயே தெரிந்தது, ஆனால் கால் நான் சொன்ன இடத்தில்தான் விழுந்தது. கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்தி, அது நகராமல் தாங்கல் கட்டையைத் தட்டி, கை எடுத்ததும் இருவரும் ஒரே நேரத்தில் அந்தப் பைக்குள் கையை விட்டோம். கையுறையோடு போனை எடுக்க முடியாமல் பல்லால் கடித்து உருவினார் அண்ணி.

"போடுறோம்ங்க," என்றார் பதிப்பக அம்மா, எடுத்த எடுப்பில். "இன்னொருத்தரோடதைத் திருப்பிக் குடுத்தாச்சு. 'சொல்லு'ன்னு அவ நிக்கிற இடத்துல என் காப்பி ஆறிப் போச்சுங்க."

அண்ணி கத்திய கத்தலில் ரொட்டிக் கடைக்காரர் தட்டைக் கீழே போட்டார். நான் குதித்தேன். கையுறையோடு ஒருவர் முதுகில் ஒருவர் அறைந்துகொண்டோம்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்," என்றார் அந்த அம்மா. "அடுத்த பாகத்துலயும் முணுமுணு கூட வரும்தானே? அது இல்லாம நான் படிக்க மாட்டேன்."

"அதை முணுமுணுகிட்டயே கேளுங்க," என்று போனை என் கையில் திணித்துவிட்டார் அண்ணி.

எனக்குச் சொல்ல ஏகப்பட்டது இருந்தது. மிருகத்துக்கு இன்னொரு இறக்கையும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கதவைச் சாத்திய அந்த நாளுக்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை, அதையாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். ஒரு எழுத்துகூட வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி அண்ணியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஹலோ? இருக்கீங்களா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்களே," என்றது போன்.

அண்ணி என் தோளுக்கு மேல் எட்டிப் போனில் சொன்னார்: "ஒண்ணும் சொல்லலைன்னா வழி சரியா இருக்குன்னு அர்த்தம் மேடம். நீங்க நடங்க."